மீட்டரைச் சுற்றிப் போன குழாய்

ஒன்பது வருஷம் கப்பலில் இருந்தவன் கடலைப் பற்றி நாலு கதையாவது வைத்திருப்பான் என்று பரமத்தி வேலூர் டீக்கடையில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாதேஸ்வரனிடம் ஒரு கதையும் இல்லை. அவன் இருந்தது சுற்றுலாக் கப்பல்தான், ஐயாயிரம் பேர் ஏறுகிற கப்பல்தான். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த எஞ்சின் அறை மட்டும்தான். அங்கே ஜன்னல் கிடையாது. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நிற்கிற சூடு வருஷம் முழுக்க இருக்கும். மேலே நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, பனிக்கட்டியில் சறுக்கி விளையாட ஒரு தளம். கீழே இவன் எண்ணெய்க் கந்தலோடு. கடல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "உப்பா இருக்குமுங்க" என்பான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

கப்பலுக்கு முன்னால் அவன் ரிக் வண்டிக்காரன். திருச்செங்கோட்டு நாச்சிமுத்துவின் ஆழ்குழாய் வண்டியில் பத்தொன்பது வயதில் ஏறி, மத்தியப் பிரதேசம் வரைக்கும் போய் அடுத்தவர் காட்டுப் பாறையைத் துளைத்தவன். பைப்பைக் கோப்பதும் கழற்றுவதும் அவனுக்குக் கைவந்த வேலை. அவன் கோத்த இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகாது. நாச்சிமுத்து கண்டிப்பானவர், ஆயுத பூஜை என்றால் இன்னும் கண்டிப்பு. கை பட்ட சாமான் ஒன்றுகூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. சுத்தியல், ஸ்பேனர், இரும்புக் கயிறு, கஞ்சி காய்ச்சுகிற ஸ்டவ் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும். ஒரு வருஷம் பைப் தூக்குகிற சங்கிலி ஒன்று விட்டுப்போனது. அடுத்த மாதமே அது அறுந்து ஒருவனுடைய இரண்டு விரலைக் கொண்டுபோனது. சங்கிலி தேய்ந்திருந்தது என்றார்கள். பொட்டு வைக்காததுதான் என்றார் நாச்சிமுத்து. அவர் சொன்னதுதான் மாதேஸ்வரன் மனசில் தங்கியது.

கப்பல் வேலையை வாங்கிக் கொடுத்தது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆபீஸ் வைத்திருந்த பிரபாகர் என்கிற ஏஜென்ட். துடைக்கிற ஆளாகச் சேர்ந்த மாதேஸ்வரன் நாலே வருஷத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் பார்க்கிற ஆளாக உயர்ந்தான்.

அவன் உயர்ந்த சமயத்தில்தான் கம்பெனி நல்லவனாகத் தொடங்கியது. இரண்டாயிரத்து ஐம்பதுக்குள் எங்கள் கப்பல்கள் காற்றில் கரியே கலக்காது என்று ஒரு சத்தியம். அந்தச் சத்தியத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில், லிஃப்டில், கக்கூஸ் கதவில்கூட ஒட்டினார்கள். குளியலறைத் துண்டை இரண்டு நாள் பயன்படுத்தினால் பூமியைக் காப்பாற்றலாம் என்று பயணிகளுக்கு ஒரு சீட்டு வைத்தார்கள். எஞ்சின் ஆட்களுக்குப் பச்சை இலை போட்ட பனியன் கொடுத்தார்கள். அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டுதான் மாதேஸ்வரன் நாளொன்றுக்கு நூறு டன்னுக்கு மேல் எண்ணெய் குடிக்கிற எஞ்சின்களுக்கு ஊழியம் செய்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கம்பெனிக்காரன் அதை வைத்து விருந்தே போட்டான்.

எஞ்சினுக்குப் போகிற எண்ணெயை ஒரு மீட்டர் அளக்கும். எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்பதை வைத்து எவ்வளவு கரி வெளியே போனது என்று கணக்குப் போடுவார்கள். அதை வைத்து வருஷக் கடைசியில் கப்பலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல ஏ, பி, சி என்று மார்க். மாதேஸ்வரன் சேர்ந்த ஒன்பதாவது வருஷம் கப்பல் கீழ் மார்க்குக்குச் சரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் அறையில் இரண்டாவது அதிகாரியை 'செகண்ட்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த செகண்ட் ஒருநாள் மாதேஸ்வரனைத் தனியாக அழைத்து, மீட்டருக்கு முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய், நடுவில் ஒரு வால்வு என்று விரலால் வரைந்து காட்டினான். எண்ணெயில் ஒரு பகுதி மீட்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எண்ணெய் கொண்டுவந்து ஏற்றுகிற படகுக்காரனிடமும், ஏற்றிய கணக்கைக் குறைத்து எழுத, ஏதோ ஒரு பேச்சு இருந்திருக்க வேண்டும். அது மாதேஸ்வரன் வரைக்கும் வரவில்லை.

எதற்கு என்று அவனுக்குத் தெரியும். தெரியாது என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் தெரியும். லாரிக்காரர்கள் ஊரில் வளர்ந்தவன்; புகைச் சோதனைக் காகிதம் ஒரு பக்கமும் புகை இன்னொரு பக்கமும் போவது அவனுக்குப் புதிதில்லை. அதைவிட, "இந்தக் கப்பலிலேயே இதை உன்னால்தான் செய்ய முடியும்" என்று செகண்ட் சொன்ன வார்த்தையில் அவன் மயங்கிப்போனான். ஒரே நாளில் போட்டு முடித்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பழைய குழாய்களோடு குழாயாக அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதிலே அவனுக்குப் பெருமை வேறு.

அதே வருஷம் தன் மைத்துனன் கலையரசனையும் கப்பலுக்கு இழுத்துக்கொண்டான். கலையரசன், மாதேஸ்வரனின் மனைவி சரிதாவுக்குத் தம்பி. நாமகிரிப்பேட்டைக்காரன். முப்பத்தொரு வயது, மஞ்சள் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். கப்பலில் ஏறிய முதல் வாரமே மாதேஸ்வரன் அவனிடம் சொல்லி வைத்தான்.

"மாப்ள, யார் எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு. கீழ வேல செய்யறவனுக்கு அதுதான் நல்லது."

"செரிங்க மச்சான்" என்றான் கலையரசன்.

ஆயுத பூஜை வந்தது. கப்பல் எங்கோ நடுக்கடலில். சரிதா கொடுத்தனுப்பிய சந்தன வில்லையும் குங்குமப் பொட்டலமும் பெட்டியில் இருந்தன. பொரிக்குப் பதிலாகப் பயணிகளுக்குப் போடுகிற சோளப்பொரி. எலுமிச்சம்பழம் மது ஊற்றிக் கொடுக்கிற கவுண்டரிலிருந்து. சூடம் கொளுத்தினால் கப்பல் முழுக்க அபாய மணி அடிக்கும் என்பதால் கைபேசி டார்ச்சைச் சுற்றிக் காட்டினான். பிறகு ஸ்பேனரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவன் அந்தக் குழாய்க்கு முன்னால் வந்து நின்றான்.

கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த கலையரசன், "இதுக்குமாங்க மச்சான்?" என்று கேட்டான்.

"இதுக்குத்தான்டா மொதல்ல வெச்சிருக்கோணும். என்ற கையில செஞ்சது."

குழாயின் இரண்டு வாயிலும் வால்விலும் மூன்று பொட்டு. மீட்டருக்கு ஒன்று. பக்கத்தில் பச்சை இலைப் பனியனோடு அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் படம் பரமத்தி வேலூருக்குப் போனது. சரிதா அதைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அங்கிருந்து சொந்தக்காரர்கள் எடுத்தார்கள். பிறகு ரிக் வண்டிக்காரர்களின் முகநூல் பக்கம் ஒன்று எடுத்து, நடுக்கடலில் நம்ம ஊர் ஆயுத பூஜை என்று போட்டது. ஆயிரக்கணக்கில் விருப்பம் விழுந்தது. நாச்சிமுத்துவே போனில் கூப்பிட்டு, ஒண்ணு உடாம வெச்சிருக்கறயே சாமி என்று பாராட்டினார். மாதேஸ்வரனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அதையும் ஊருக்கெல்லாம் காட்டிச் சிரித்தவன் அவன்.

கப்பல் புகையைக் கண்காணிப்பதையே வேலையாக வைத்திருக்கிற யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கண்ணில் அந்தப் படம் பட்டது. எஞ்சின் அறையில் ஆயிரம் குழாய்கள் இருக்கும். இது எது என்று சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாது. இங்கேயோ பொட்டு வைத்துக் காட்டியிருக்கிறது.

மார்கழியில் மாதேஸ்வரன் லீவில் ஊருக்கு வந்தான். அவன் வேலையைக் கலையரசனிடம் கொடுத்தார்கள். செகண்ட் சொல்லும்போது வால்வைத் திறப்பதும் மூடுவதும் அந்த வேலையில் சேர்ந்தது. தை மாதம் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அதிகாரிகள் நேராகக் கீழே இறங்கினார்கள். கையில் அந்தப் படம் இருந்தது. குழாயில் குங்குமம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருந்தது. கலையரசனை இறக்கி ஒரு ஹோட்டல் அறையில் வைத்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, விசாரணை முடியும் வரை ஊரைத் தாண்டக் கூடாது என்றார்கள். கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு அடுத்த வாரமே கிளம்பிவிட்டது.

கலையரசனுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கப்பல் ஏறுவதற்கு முன்பே நிச்சயம் முடிந்திருந்தது. நாமகிரிப்பேட்டையிலிருந்து அவன் அம்மா ராமாயி நாள் தவறாமல் போன் போட்டாள்.

"மாப்ளைங்களா, என்ற பையன் எப்ப வாரானுங்க?"

"வந்துருவானுங்க அத்தை. கம்பெனி பாத்துக்குமுங்க."

காலை ஏழு மணிக்கு, அங்கே சாயங்காலம், கலையரசன் கூப்பிடுவான். சாப்பிட்டேன், தூங்கினேன், குளிருது என்பான். வழக்கைப் பற்றிக் கேட்டால், "அதப் பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காருங்க மச்சான்" என்று நிறுத்திவிடுவான். விசாரணையில் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று மாதேஸ்வரன் யோசிக்கவே இல்லை. தெரியாது என்றுதான் சொல்லியிருப்பான். அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தான்.

பங்குனி வெயில் அந்த வருஷம் முன்கூட்டியே கொளுத்தியது. மாதேஸ்வரனுக்கு அப்பன் வைத்துவிட்டுப் போன அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அகத்தி நிழலிலேயே கொடி வெந்து சுருண்டது. போன வருஷமும் இப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். கருகின இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மீட்டர் எண்ணாமல் விட்ட புகையெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கப்பலுக்குள் இருந்தவரை வராத யோசனை. வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பிரபாகர் ஃபேர்லேண்ட்ஸுக்குக் கூப்பிட்டான். சரிதாவும் கூட வந்தாள். நாமக்கல்லில் பஸ் மாறும்போது, அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் ஷாலினியைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். வரும்போது பார்க்கலாம் என்றான் மாதேஸ்வரன். பன்னிரண்டாவது படிக்கிற அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷ் காகிதம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன என்று அவன் பிற்பாடு நினைக்காத நாள் இல்லை.

பிரபாகரின் அறையில் ஏசி கடகடவென்று ஓடியது. மேசைமேல் இங்கிலீஷில் மூன்று பக்கக் காகிதம் இருந்தது.

"சுத்தி வளைச்சுப் பேசலீங்க மாதேஸ்வரன். அந்தக் குழாய நீங்களாத்தான் போட்டீங்க, மீட்டரைக் கழட்டிக் கழுவறப்ப எண்ணெய் நிக்காம இருக்கப் போட்டீங்க, யாரும் போடச் சொல்லலைன்னு இதுல இருக்கு."

"செகண்ட் சொல்லித்தானுங்க போட்டேன்."

"அது எனக்கும் தெரியும். நீங்க அதச் சொன்னா கேஸ் மூணு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் உங்க மச்சினன் அந்த ஹோட்டல்லயே கெடப்பான். இதுல கையெழுத்துப் போட்டா கம்பெனி அபராதத்தைக் கட்டிட்டு விஷயத்த முடிச்சிரும். நீங்க இனி கப்பல் ஏற முடியாது, அது நெசந்தான். ஆனா இந்த வரியப் பாருங்க." பேனாவின் முனையால் ஒரு இடத்தைத் தொட்டான். "கலையரசனுக்கு இதப்பத்தி எதுவுமே தெரியாது, அந்த வால்வை அவன் தொட்டதே இல்லைன்னு எழுதியிருக்கு. அவனுக்காகவே சேர்த்த வரி."

மாதேஸ்வரன் சரிதாவைப் பார்த்தான். படத்தை ஊருக்குக் காட்டியவள் என்கிற குற்றம் மூன்று மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. சோறு இறங்காமல் பாதியாக இளைத்திருந்தாள்.

"போட்டுருங்க" என்றாள். "கப்பல் போனா போகுதுங்க. அவன் ஊடு வந்து சேரட்டும்."

அந்த ஒரு வரிதான் அவனைச் சாய்த்தது. மற்ற பொய்யெல்லாம் கம்பெனிக்கு. இந்த ஒரு பொய் தன் வீட்டுப் பிள்ளைக்கு. ஒன்பது வருஷப் பிழைப்பு போகிறதுதான். ஆனாலும் தான் போட்ட குழாய்க்குத் தானே தலையைக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் பட்டது. மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். கப்பல்காரனுக்கு அடையாளமாகக் கொடுக்கிற சி.டி.சி. புத்தகத்தையும் பிரபாகர் கேட்டான். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"பத்துப் பதினஞ்சு நாள்ல வந்துருவான். கல்யாண வேலையப் பாருங்க" என்றான் பிரபாகர்.

பார்த்தார்கள். ராமாயி மண்டபத்தை உறுதி செய்தாள். பத்திரிகை அடித்து வந்தது. பதினைந்து நாள் இருபத்தைந்து நாளானது. காகித வேலை என்றான் பிரபாகர். இடையில் கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. அதைக் கைபேசியில் காட்டியவன் டீக்கடையில் யாரோ. ஒரு தனி ஊழியரின் தவறுக்காக வருந்துகிறோம், அபராதத்தை ஏற்கிறோம், இயற்கைக்குக் கொடுத்த வாக்கை முன்னைவிட உறுதியாகக் காப்போம். கீழே கப்பலின் படம். வெள்ளை உடம்பில் ஆள் உயரத்துக்கு ஒரு பச்சை இலையைப் புதிதாக வரைந்திருந்தார்கள். அந்தத் 'தனி ஊழியர்' டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்தான்.

சித்திரைக் கடைசி வாரம். வெள்ளிக்கிழமை. சரிதா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, கூடத்தில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. மற்றவற்றுக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவித்தான் கொடுக்க வேண்டும். ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது. மாதேஸ்வரன் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

"மச்சான், இன்னிக்குப் பேசலாமாமுங்க. வேற வக்கீல் வந்திருக்காரு. அரசாங்கம் குடுத்த ஆளு."

"எப்படா கெளம்பற?"

"நான் அன்னைக்கே நெசத்தச் சொல்லிப்போட்டேனுங்க மச்சான். அவங்க கேட்ட மொத நாளே. செகண்ட் சொல்லி நீங்க போட்டீங்க, செகண்ட் சொல்லி நான் தெறந்தேன்னு. நீங்க தெரியாதுன்னு சொல்லச் சொன்னீங்க. எனக்கு வரலீங்க. அவங்க நல்லவங்கதானுங்க, நெசத்தச் சொன்னதுக்காக என்ன சாட்சியா மட்டும் வெச்சிருந்தாங்க. செகண்டத்தான் புடிக்கறதா இருந்துச்சு."

மாதேஸ்வரன் வாசல் படியில் உட்கார்ந்தான்.

"இப்ப உங்க காயிதம் வந்திருச்சுங்க. யாரும் சொல்லல, நான் தொடவே இல்லைன்னு. அப்ப நான் சொன்னது பொய்யின்னு ஆயிருச்சாம். அதிகாரிகிட்டப் பொய் சொல்லி அடுத்தவனை மாட்டி உடப் பாத்தேன்னு என்ற மேல கேஸு போட்டுட்டாங்க. நாளைக்கு ஹோட்டல்ல இருந்து உள்ள கூட்டிப் போறாங்களாம். ரெண்டு வருஷம் ஆகலாம், மூணும் ஆகலாம்னு சொல்றாருங்க."

"நான் வந்து சொல்றேன் கலை. நான் எழுதுனது பொய்யின்னு எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நானும் கேட்டேனுங்க. ஒருக்கா பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன் மறுக்கா சொல்றத யாரு நம்புவான்னு வக்கீல் கேக்கறாரு." கலையரசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நீங்க என்னக் காப்பாத்தத்தான் எழுதியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க மச்சான். ஜட்ஜுக்குத் தெரியாதுல்லீங்க."

பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அந்தப் பெண் வீட்டில் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுங்கள் என்றான். அதோடு வைத்துவிட்டான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் சொல்வார்கள். மாதேஸ்வரன் பொட்டு வைத்தபோது ஒரு முறை, கையெழுத்துப் போட்டபோது ஒரு முறை பிடித்தான், இரண்டு முறையும் நல்லது என்று நினைத்துத்தான் பிடித்தான். கப்பல் எங்கோ நூறு டன் எண்ணெயை எரித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். செகண்ட் அதிலேதான் இருப்பான். பொய் சொல்ல வராத ஒருவன் மட்டும் பொய்யன் என்று உள்ளே போகிறான். எந்த வரியை அவனுக்காகவே சேர்த்தது என்று பிரபாகர் காட்டினானோ, அந்த வரிதான் அவனைக் கொண்டுபோகிறது. அது தெரிந்துதான் காட்டினானா, தெரியாமலா என்று கேட்கக்கூட மாதேஸ்வரனுக்குத் தெம்பில்லை.

உள்ளேயிருந்து சரிதா கேட்டாள்.

"ஏனுங்க, எந்தத் தேதிக்கு வாரானாம்? அம்மாகிட்டச் சொல்லோணும்."

அவன் உள்ளே வந்தான். பத்திரிகையின் மூன்று மூலையில் மஞ்சள் வைத்து முடித்திருந்தாள். நாலாவது மூலைக்கு விரல் போய்க்கொண்டிருந்தது. மாதேஸ்வரன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெக்காத சரிதா" என்றான். "நான் அவனக் கொன்னுபோட்டேன்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். விரலில் இருந்த மஞ்சள் பத்திரிகையின் நடுவில், தம்பியின் பெயர்மேல் சொட்டியது.